ஊரைச் சொன்னால் அரசியலா? எஸ்பெராண்டோவும் நடுநிலை என்னும் நிபந்தனையும்

கொரோனா ஊரடங்கில் வேலையில்லாமல் வீட்டில் கிடந்த மாதங்களில் நான் எஸ்பெராண்டோ படிக்கத் தொடங்கினேன். கண் மருத்துவர் ஜாமென்ஹோஃப் 1887இல் வார்சாவில் வெளியிட்ட ஒரு சிறு நூலின் வழியே உலகுக்கு வந்த செயற்கை மொழி அது. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத மொழி. வேறு வேறு மொழி பேசும் இருவர் சந்தித்தால், ஒருவர் மற்றவர் மொழிக்குப் பணிய வேண்டாம். இருவருமே ஆளுக்குப் பாதித் தூரம் நடந்துவந்து பொதுவான ஓரிடத்தில் நின்று பேசலாம். இதுதான் அதன் அடிப்படை எண்ணம். இலக்கணம் 16 விதிகளில் முடிந்துவிடும்.

என் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் ஆங்கில உச்சரிப்பைக் கேட்டு வகுப்பே சிரித்த நாட்கள் உண்டு. ஏறக்குறைய எல்லோருமே படித்துக் கற்றுக்கொள்ளும் மொழி என்பதால், யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்க முடியாத மொழி என்று எஸ்பெராண்டோவைப் பற்றிக் கேள்விப்பட்டபோது எனக்கு ஏற்பட்ட ஈர்ப்பை உங்களில் பலர் புரிந்துகொள்வீர்கள். அந்த மொழியையும் டுவோலிங்கோ செயலியில் ஆங்கிலம் வழியாகத்தான் படிக்க வேண்டியிருந்தது என்பது தனிக்கதை.

சில மாதங்களில் ஓரளவு பேச வந்தது. வாரம் ஒருமுறை காணொலியில் கூடும் ஓர் உரையாடல் குழுவில் சேர்ந்தேன். ஐந்தாறு நாட்டுக்காரர்கள். நல்ல மனிதர்கள். நான் தடுமாறும்போது காத்திருப்பார்கள். ஒருநாள் பயிற்சித் தலைப்பு 'என் ஊர்'. ஒருவர் தன் ஊர் ஆற்றைப் பற்றிச் சொன்னார். இன்னொருவர் ரொட்டிக் கடையைப் பற்றிச் சொன்னார். என் முறை வந்தது. எழுதி வைத்திருந்ததைப் படித்தேன்: எங்கள் ஊர் உண்மையில் இரண்டு ஊர். ஒன்றை ஊர் என்பார்கள், மற்றொன்றைக் காலனி என்பார்கள். நடுவில் ஒரு வாய்க்கால். செத்தாலும் சுடுகாடு வேறு வேறு. நான் காலனி.

'காலனி' என்பதை எஸ்பெராண்டோவில் அப்படியே சொல்லிவிட்டேன். "எந்த நாட்டின் காலனி?" என்று ஒருவர் கேட்டார். சிரித்துக்கொண்டே விளக்கத் தொடங்கினேன். சாதி என்றேன், தீண்டாமை என்றேன். இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. குழுவை நடத்தியவர் மென்மையாகக் குறுக்கிட்டார். "இலக்கணம் அருமை. ஆனால் இங்கே அரசியல் வேண்டாமே. எஸ்பெராண்டோ நடுநிலையானது."

அவர் கெட்டவர் அல்ல. எல்லோரும் சுமுகமாக இருக்க வேண்டும் என்று நினைத்தவர். ஆனால் எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அடுத்த வாரம் நான் மாம்பழத்தைப் பற்றிப் பேசினேன்.

ஊரைப் பற்றிப் பேசச் சொன்னார்கள், ஊரைப் பற்றித்தானே பேசினேன்? ஆறு அரசியல் இல்லை, ரொட்டி அரசியல் இல்லை, சேரி மட்டும் எப்படி அரசியலானது? இந்தக் கேள்வியோடு அந்த இயக்கத்தின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். படித்ததில் எனக்குக் கிடைத்த பெரிய அதிர்ச்சி, இதே வார்த்தையை இதே மென்மையோடு ஜாமென்ஹோஃபிடமே சொல்லியிருக்கிறார்கள் என்பதுதான்.

ஒரு யூதப் பையனின் ஊர்

ஜாமென்ஹோஃப் 1859இல் பியாலிஸ்டோக்கில் பிறந்தார். இன்று போலந்தில் இருக்கும் அந்த ஊர் அன்று ரஷ்யப் பேரரசின் பிடியில் இருந்தது. ரஷ்யர், போலந்துக்காரர், ஜெர்மானியர், யூதர் என நான்கு மக்கள், நான்கு மொழிகள், ஒருவரோடு ஒருவர் ஒட்டாத வாழ்க்கை. மனிதர் எல்லோரும் உடன்பிறப்புகள் என்று வீட்டில் சொல்லிக்கொடுத்தார்கள்; தெருவில் இறங்கினால் மனிதர்களையே காணோம், ரஷ்யர்களையும் போலந்துக்காரர்களையும் ஜெர்மானியர்களையும் யூதர்களையும்தான் காண முடிந்தது என்று பின்னாளில் ஒரு கடிதத்தில் எழுதினார். 1905இல் எழுதிய இன்னொரு கடிதத்தில் மேலும் வெளிப்படையாகச் சொன்னார்: தான் ஒதுக்கப்பட்ட யூதக் குடியிருப்பிலிருந்து வந்தவனாக இல்லாவிட்டால் இந்த எண்ணமே தோன்றியிருக்காது, தோன்றியிருந்தாலும் இவ்வளவு காலம் விடாப்பிடியாக அதைப் பிடித்துக்கொண்டிருக்க மாட்டேன் என்று.

அதாவது, எஸ்பெராண்டோ என்பது மொழியியல் விளையாட்டாகத் தொடங்கவில்லை. 'என் ஊர்' என்ற தலைப்பில் ஒரு யூதப் பையன் எழுதிய விடைதான் அது. அவர் எங்கள் குழுவுக்கு வந்து தன் ஊரை விவரித்திருந்தால் அவருக்கும் "அரசியல் வேண்டாமே" என்ற பதில்தான் கிடைத்திருக்கும்.

கிடைக்கவும் செய்தது. 1905 ஆகஸ்டில் பிரான்சின் கடற்கரை நகரமான புலோன்-சுர்-மேரில் முதல் உலக எஸ்பெராண்டோ மாநாடு கூடியது. 20 நாடுகளிலிருந்து 688 பேர் வந்தார்கள். அன்றைய பிரான்சை நினைத்துக்கொள்ளுங்கள். டிரேஃபஸ் என்ற யூத ராணுவ அதிகாரியை 1894இல் பொய்யாகத் தேசத்துரோகி ஆக்கிய வழக்கு நாட்டையே இரண்டாகப் பிளந்திருந்தது. அவர் குற்றமற்றவர் என்று அறிவிக்கப்பட்டது 1906இல்தான். அப்படிப்பட்ட பிரான்சில் இயக்கத்தை வளர்த்த படித்த கனவான்களுக்கு ஒரு கவலை இருந்தது. இந்த மொழியை உருவாக்கியவர் யூதர் என்று பத்திரிகைகளுக்குத் தெரிந்தால் என்ன ஆவது? ஆகவே அது வெளியே வராமல் பார்த்துக்கொண்டார்கள். மாநாட்டில் வாசிக்க அவர் எழுதி வந்த கவிதையில், கிறித்தவரையும் யூதரையும் இசுலாமியரையும் ஒரே வரிசையில் வைத்த கடைசிப் பகுதியைப் படிக்க வேண்டாம் என்று வற்புறுத்தினார்கள். அவர் அதை விட்டுவிட்டே வாசித்தார்.

அதே மாநாட்டில்தான் புலோன் பிரகடனம் நிறைவேறியது. எஸ்பெராண்டோ இயக்கம் என்பது ஒரு நடுநிலை மொழியைப் பரப்பும் முயற்சி மட்டுமே. அதோடு யாராவது வேறு இலட்சியத்தையோ நம்பிக்கையையோ சேர்த்துக்கொண்டால் அது அவரது சொந்த விஷயம், இயக்கம் அதற்குப் பொறுப்பல்ல என்று அது சொன்னது. எழுதியவர் ஜாமென்ஹோஃப்தான். தன் வாழ்க்கையையே, தன்னை இயக்கிய காயத்தையே 'சொந்த விஷயம்' என்று ஒதுக்கி வைக்கும் ஒப்பந்தத்தில் அவரே கையெழுத்துப் போட்டார்.

நம்மில் பலருக்கு இந்த ஒப்பந்தம் புதிதல்ல. "உன் திறமை எங்களுக்கு வேண்டும், உன் சாதியை ஏன் வெளியே சொல்கிறாய், இங்கே எல்லோரும் தோழர்கள்தானே" என்று நம் முற்போக்கு மேடைகளில் காதில் விழும் குரல்தான் இது. யாரும் திட்டவில்லை. யாரும் வெளியே தள்ளவில்லை. உள்ளே வரும்போது செருப்பைக் கழற்றுவதுபோல உன் வரலாற்றையும் வாசலில் விட்டுவிட்டு வா என்கிறார்கள், அவ்வளவுதான்.

இரண்டு நடுநிலைகள்

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 'நடுநிலை' என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு பொருள்கள் ஒளிந்திருக்கின்றன.

முதலாவது, மொழியின் நடுநிலை. யாருடைய மொழியும் மற்றவர் தலைமேல் ஏறக் கூடாது என்பது. இது நீதிக்கான கோரிக்கை. அதனாலேயே இது அரசியல். 1920களின் தொடக்கத்தில் உலக நாடுகள் சங்கத்தில் பள்ளிகளில் எஸ்பெராண்டோ கற்பிக்கும் யோசனை வந்தபோது அதை முன்நின்று தடுத்தது பிரான்ஸ். 1922இல் பிரெஞ்சுக் கல்வி அமைச்சர் லெயோன் பெரார் பள்ளிகளில் எஸ்பெராண்டோவுக்குத் தடை போட்டார். தூதர்களின் மொழி பிரெஞ்சு என்று பெருமையோடு இருந்த அரசுக்கு, 'எல்லா மொழிக்காரரும் சமம்' என்று சொல்லும் மொழி ஆபத்தானதாகத் தெரிந்தது. மேலே இருப்பவருக்குச் சமத்துவம் எப்போதும் ஒருதலைப்பட்சமாகத்தான் தெரியும்.

இரண்டாவது, இயக்கத்தின் நடுநிலை. எந்த அநீதியைப் பற்றியும் ஓர் இயக்கமாக நாங்கள் வாய் திறக்க மாட்டோம் என்பது. முதலாவது பலவீனரைக் காக்கப் பிறந்தது. இரண்டாவது, பலவானின் முகம் கோணாமல் இருக்கப் பிறந்தது. இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்துவிட்டதுதான் கோளாறு.

இந்தக் கோளாறு ஜாமென்ஹோஃபுக்கும் தெரிந்திருந்தது. 1906 ஜூனில் அவர் பிறந்த பியாலிஸ்டோக்கிலேயே யூதர்கள்மீது கலவரம் ஏவப்பட்டு 80க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். இரண்டரை மாதத்தில் ஜெனீவாவில் இரண்டாவது மாநாடு. அங்கே அவர் அந்தப் படுகொலையைப் பற்றிப் பேசினார். நடுநிலை என்ற பெயரில் எஸ்பெராண்டோவை வெறும் வணிகத்துக்கும் வசதிக்குமான கருவியாகச் சுருக்க நினைப்பவர்களை எதிர்த்து, அதன் 'உள் இலட்சியம்' என்று ஒன்று இருக்கிறது என்றார். அது மக்களினங்களுக்கு இடையே உள்ள சுவரை உடைப்பது. புலோன் பிரகடனத்துக்கு ஓராண்டு முடிந்த சமயத்திலேயே அவரால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

அவரிடம் இன்னொரு திட்டமும் இருந்தது. முதலில் ஹில்லெலிசம், பிறகு ஹோமரானிசம் என்று பெயரிட்டார். ஒரு நாடு அங்கே வாழும் அத்தனை பேருக்கும் சொந்தம், எந்த இனமும் தன் மொழியையோ மதத்தையோ மற்றவர்மீது திணிக்கக் கூடாது என்பது அதன் சாரம். 1906இல் அதைப் பெயர் போடாமல்தான் வெளியிட்டார். எதிர்ப்புக் கிளம்பியதும் பின்வாங்கினார். 1912இல் கிராகோவ் மாநாட்டில் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டார். அடுத்த ஆண்டே ஹோமரானிசப் பிரகடனத்தைத் தன் சொந்தப் பெயரில் வெளியிட்டார். நாற்காலியில் இருக்கும்வரை அந்தக் கொள்கையின் கீழ் தன் பெயரை எழுத முடியவில்லை. இறங்கியதும் எழுத முடிந்தது. நடுநிலையின் விலை என்ன, அதைக் கொடுத்தவர் யார் என்று இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது.

மௌனம் காப்பாற்றியதா?

நடுநிலைக்காக வாதாடுவோரிடம் நியாயமான ஒரு காரணம் உண்டு. மொழி எல்லோருக்குமானது. ஒவ்வொரு போருக்கும் ஒவ்வொரு தேர்தலுக்கும் தீர்மானம் போட்டால் இயக்கம் துண்டு துண்டாகிவிடும். அரசுகள் தடை செய்துவிடும். வாய் மூடி இருந்தால் உயிரோடாவது இருக்கலாம் என்கிறார்கள். இதை எள்ளி நகையாட நான் தயாரில்லை. ஆனால் இந்த வாதத்தை வரலாறு ஏற்கெனவே சோதித்துப் பார்த்துவிட்டது.

ஹிட்லர் தன் நூலிலேயே எஸ்பெராண்டோவை யூதச் சதியோடு சேர்த்து எழுதியவர். 1933இல் அவர் ஆட்சிக்கு வந்ததும் தொழிலாளர் எஸ்பெராண்டோ அமைப்பு ஒடுக்கப்பட்டது. அதே ஆண்டு, நாஜி ஆட்சி நடக்கும்போதே, உலக மாநாடு ஜெர்மனியின் கொலோன் நகரில் திட்டப்படி நடந்தது. 'நடுநிலையான' ஜெர்மன் எஸ்பெராண்டோ சங்கம் புதிய அரசுக்குத் தன் விசுவாசத்தை நிரூபிக்கப் பாடுபட்டது. கடைசியில் யூத உறுப்பினர்களுக்கும் கதவை மூடியது. ஒரு யூதர் உருவாக்கிய மொழியின் சங்கத்தில் யூதருக்கு இடமில்லை! அப்படியாவது தப்பித்ததா? 1935இல் பள்ளிகளில் எஸ்பெராண்டோ தடை செய்யப்பட்டது. 1936இல் ஹிம்லரின் ஆணைப்படி சங்கமே கலைக்கப்பட்டது.

ஜாமென்ஹோஃப் 1917இல் இறந்துவிட்டார். அவருடைய மகன் ஆதாமை 1940இல் நாஜிகள் சுட்டுக் கொன்றார்கள். மகள்கள் சோஃபியாவும் லிதியாவும் 1942இல் டிரெப்ளிங்கா முகாமில் கொல்லப்பட்டார்கள். வார்சாவில் ஜாமென்ஹோஃபின் பெயர் தாங்கிய தெரு நாஜிகள் அடைத்த யூதச் சேரிக்குள் இருந்தது. டிரெப்ளிங்கா ரயிலில் ஏற்றுவதற்காக யூதர்களை நடத்திச் சென்ற வழி அந்தத் தெருதான்.

சோவியத் ஒன்றியத்தில் கதை வேறு விதம். அங்கே எஸ்பெராண்டோ சங்கம் நடுநிலை பேசவில்லை, அரசோடு நின்றது. ஆனாலும் 1937இல் அதன் தலைவர் எர்னெஸ்ட் ட்ரேசென் சுட்டுக் கொல்லப்பட்டார். எல்லை தாண்டிக் கடிதம் எழுதுகிறவர்கள் என்பதே அவர்களை உளவாளிகளாக்கப் போதுமானதாக இருந்தது. மௌனமும் காப்பாற்றவில்லை, விசுவாசமும் காப்பாற்றவில்லை. எளிய மனிதர்கள் எல்லை தாண்டிப் பேசிக்கொள்வதே அதிகாரத்துக்கு அரசியல்தான். நீங்கள் அதை அரசியல் இல்லை என்று நினைத்துக்கொள்வதால் அவர்கள் அப்படி நினைக்கப் போவதில்லை.

நடுநிலையை அன்றே எதிர்த்தவர்களும் உண்டு. 1921இல் பிராகாவில் தொடங்கிய தொழிலாளர் அமைப்பான சாட், அதன் தலைவர் லாந்தி ஆகியோர் 'நடுநிலை ஒழிக' என்றே எழுதினார்கள். ஆனால் லாந்தியிடமும் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. எல்லாத் தேசியமும் ஒன்றுதான் என்று சொல்லி, அடிமைப்பட்ட மக்களின் விடுதலைப் போராட்டத்தையும் ஆள்பவரின் தேசிய வெறியையும் ஒரே தராசில் வைத்தார் அவர். அதுவும் ஒருவகை நடுநிலைதானே?

எனக்கு நெருக்கமாகத் தோன்றுபவர் ஹசெகாவா தெரு என்ற ஜப்பானியப் பெண். எஸ்பெராண்டோ வழியாக ஒரு சீனத் தோழரைச் சந்தித்து மணந்து, 1937இல் சீனாவுக்குப் போனவர். ஜப்பானிய ராணுவம் சீனாவைச் சூறையாடிய காலத்தில், சீன வானொலியிலிருந்து ஜப்பானிய வீரர்களிடம் ஜப்பானிய மொழியிலேயே பேசி, இந்தப் போர் அநியாயம் என்றார். சொந்த நாட்டுப் பத்திரிகை அவரைத் துரோகி என்றது. எஸ்பெராண்டோ அவருக்கு எல்லோரிடமும் இனிக்கப் பேசும் கருவியாக இருக்கவில்லை. தன் சொந்த இனம் செய்யும் கொடுமையைப் பார்க்க உதவிய கண்ணாக இருந்தது.

ஜாமென்ஹோஃபோடு ஒரு வழக்கு

ஜாமென்ஹோஃபை விமர்சனமின்றிப் போற்றவும் நான் எழுதவில்லை. 1914இல் யூத எஸ்பெராண்டோக்காரர்கள் தங்களுக்கென ஒரு சங்கம் தொடங்க முனைந்து அவரை அழைத்தார்கள். அவர் மறுத்துவிட்டார். ஒடுக்கப்பட்டவரின் தேசியம் தற்காப்பு, ஒடுக்குபவரின் தேசியத்தைவிட அது மன்னிக்கத்தக்கது என்று ஒப்புக்கொண்டார். ஆனாலும் ஒன்று மற்றொன்றை வளர்த்துவிடும், ஆகவே நான் சேர மாட்டேன் என்றார்.

அவர் அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் வேறுபாட்டைத் தானே கண்டுபிடித்துவிட்டு, அதிலிருந்து வர வேண்டிய முடிவுக்கு வராமல் நின்றுவிட்டார் என்பதே என் வழக்கு. அடி வாங்கியவர்கள் ஒன்றுகூடி அடியைப் பற்றிப் பேசுவது அடிப்பவர்கள் கூடுவதற்குச் சமமல்ல. காலனியில் சங்கம் தொடங்கினால் "நீங்களும் சாதிச் சங்கம்தானே" என்கிறவர்களுக்கு நாம் சொல்லும் பதிலும் இதுதான்.

மொழியும்கூட முழு நடுநிலை அல்ல. சொற்களில் பெரும்பகுதி ஐரோப்பிய மொழிகளிலிருந்து வந்தவை. ஸ்பானியம் தெரிந்தவருக்குப் பாதி சொற்கள் இலவசம். நமக்கு ஒவ்வொன்றும் உழைப்பு. அப்பாவுக்கு 'பாத்ரோ' என்று தனிச் சொல், அம்மாவோ அதே சொல்லோடு ஒரு விகுதி ஒட்டிய 'பாத்ரினோ'. இன்றைய இளைஞர்கள் சிலர் இதை மாற்றப் புதிய விகுதிகளையும், பால் குறிக்காத பிரதிப்பெயரையும் பயன்படுத்துகிறார்கள். பழையவர்கள், 1905இன் அடிப்படை நூலைக் காட்டித் தடுக்கிறார்கள். அந்த நூலைக் குறிக்க அவர்கள் மரபாகப் பயன்படுத்தும் சொல்லுக்கு நேர்ப்பொருள் 'தீண்டக்கூடாதது'. அங்கே நூலுக்கு அது மரியாதை. இங்கே மனிதருக்கு அது என்னவென்று நமக்குத் தெரியும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, எஸ்பெராண்டோ வேண்டாம் என்றா சொல்கிறேன்? இல்லை. இன்றும் படிக்கிறேன். யாரும் யார் மொழிக்கும் கீழே இல்லை என்ற அந்தப் பழைய கோரிக்கையை நான் விடமாட்டேன். அந்த இயக்கமும் பாடம் கற்காமல் இல்லை. போருக்குப் பின் 1947இல் உலக எஸ்பெராண்டோ சங்கம் தன் விதிகளைத் திருத்தியபோது, மனித உரிமைகளை மதிப்பது தன் பணிக்கு இன்றியமையாத நிபந்தனை என்று எழுதிக்கொண்டது. அத்தனை பிணங்களுக்குப் பிறகு எழுதப்பட்ட வரி அது. எங்கள் குழுவை நடத்தியவர் புலோனை நினைவில் வைத்திருக்கிறார், 1947ஐ மறந்துவிட்டார்.

ஆகவே யாராவது உங்களிடம் "நாங்கள் நடுநிலை" என்றால், உடனே சண்டைக்குப் போக வேண்டாம். ஒன்று மட்டும் கேளுங்கள். இந்த நடுநிலைக்காக இங்கே யார் எதைச் சொல்லாமல் விட வேண்டியிருக்கிறது? எல்லோரும் சமமாக எதையோ விடுகிறார்கள் என்றால் அது நியாயமான ஏற்பாடு. ஒருவர் மட்டும் தன் ஊரை விட வேண்டியிருக்கிறது, மற்றவர்கள் தங்கள் ஆற்றையும் ரொட்டியையும் வைத்துக்கொள்ளலாம் என்றால், அதன் பெயர் நடுநிலை அல்ல.

அந்தக் குழுவில் நான் இன்னும் இருக்கிறேன். 'என் ஊர்' கட்டுரையைத் திருத்தி எழுதிவிட்டேன். காலனி என்ற சொல்லை எடுத்துவிட்டேன், அது அவர்களைக் குழப்புகிறது. எஸ்பெராண்டோவில் எந்தப் பெயர்ச்சொல்லும் 'ஓ'வில்தான் முடிய வேண்டும். ஆகவே 'சேரியோ' என்று எழுதியிருக்கிறேன். அகராதியில் அப்படி ஒரு சொல் நான் பார்த்தவரை இல்லை. அது என்ன என்று கேட்பார்கள். அதை விளக்கவே எனக்கு ஒதுக்கிய நேரம் முழுவதும் போய்விடும்.

போகட்டும்.